கீழ் வயல் யாருக்கு?

அம்மா அந்தப் பழுப்பு உறையைப் பிரித்தபோது நான் வீட்டில் இல்லை என்று போன வாரம் சொன்னேன் அல்லவா? பாதிதான் உண்மை. வீட்டுக்குள் இல்லை, வாசலில் நின்றிருந்தேன். உள்ளே வரப் பயமாக இருந்தது.

மானிய அலுவலகத்து நோட்டீஸ். பதினைந்தாம் எண் வயலை இந்தப் பருவம் விதைக்காமல் ஓய்வாக விட்டிருப்பதாக அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். செயற்கைக்கோள் படத்திலோ அங்கே நெஞ்சு உயரத்துக்கு மக்காச்சோளம் நிற்கிறதாம். நான்காம் தேதி மாலை நான்கு மணிக்குள் நேரில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால், பொய்த் தகவல் என்று முடிவுகட்டி மூன்று வருடத்துக்கு எந்த மானியமும் கிடையாதாம்.

நிலத்தை ஒரு பருவம் சும்மா விட்டால் அரசாங்கம் பணம் கொடுக்கிறது. மண் தேறட்டும், கிணற்றில் தண்ணீர் ஏறட்டும் என்று. மோட்டார் எரிந்துபோய் விதைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அந்தப் பணம்தான் ஒரே பிடி. வந்தால் புது மோட்டார். வராவிட்டால் செங்கல் சூளைக்காரர். விதைக்காமல் கிடக்கிற வயலின் மேல் மண்ணை மூன்றடி வெட்டி எடுத்துக்கொள்ள அவர் ஒரு மாதமாக எங்கள் வீட்டுக்கு நடையாய் நடக்கிறார். வெட்டிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அது வயல் இல்லை, பள்ளம்.

நோட்டீஸ் வந்த நாளிலிருந்து பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று நான்காம் தேதி.

காலையில் என் ஜெராக்ஸ் கடைக்குப் போனதும் முதல் வேலையாக, அம்மாவுக்கு நான் போட்டுக் கொடுத்த விண்ணப்பத்து நகலைத் தேடி எடுத்தேன். போன வருடத்து நகலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தேதியும் பயிர் விவரமும்தான் வேறு. வயல் எண் அப்படியே இருந்தது. அது மாறியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கிறுக்குத்தனம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்களுக்கு இரண்டு வயல். மேல் வயல் பதினாலு, தண்ணீர் நிற்காத மேட்டுச் செம்மண். கீழ் வயல் பதினைந்து; நல்ல மண், கிணறும் அங்கேதான். இரண்டும் அம்மா பெயரிலும் அவள் தம்பி பெயரிலும் கூட்டாக இருக்கின்றன. இருபத்திரண்டு வருடம் முன்னால் பிரித்துக்கொள்ள உட்கார்ந்தபோது, "கீழ் வயலை நீ எடுத்துக்கோ" என்று அக்காவும், "இல்ல, நீ எடுத்துக்கோ" என்று தம்பியும் ஆரம்பித்து, கடைசியில் அது அடிதடி வரை போய்விட்டதாம். அதனால் ஒரு வருடம் இவளுக்கு, ஒரு வருடம் அவருக்கு. அறுப்பு முடிந்ததும் மாற்றிக்கொள்வார்கள்.

மாற்றிக்கொண்ட கையோடு இருவரும் சேர்ந்தே என் ஜெராக்ஸ் கடைக்கு வருவார்கள். நான் போன வருடத்து ஃபாரத்தைக் கம்ப்யூட்டரில் திறப்பேன். "ஏய், இந்த வருஷம் உங்கம்மா மேல" என்று மாமா சொல்வார். "அவன் கீழ. மறந்துடாதே" என்று அம்மா சொல்வாள். ஒருத்தருக்காக இன்னொருத்தர்தான் எப்போதும் சொல்வது.

இந்த வருடம் மாற்றிக்கொண்டு பத்தே நாளில் கிணற்று மோட்டார் எரிந்தது. ராப்பகலாக ஓட்டி எரித்துவிட்டாய் என்று அம்மா சொல்ல, அவர் முறுக்கிக்கொள்ள, மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா தனியாகக் கடைக்கு வந்தாள். எடுத்துச் சொல்ல எதிராளி இல்லை. நான் தேதியை மாற்றினேன், 'ஓய்வு' என்ற கட்டத்தைத் தொட்டேன், அனுப்பிவிட்டேன். ஊரில் இருநூறு பேருக்குப் பிசகில்லாமல் ஃபாரம் போட்டவள், பெற்ற தாய்க்குத் தப்பாகப் போட்டேன்.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா கிழிந்த சாக்கு ஒன்றைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்பு என்னோடது."

"எது?"

"நம்பர். பதினாலுன்னு போடறதுக்குப் பதினஞ்சுன்னு போட்டுட்டேன்."

ஊசி நின்றது. திட்டுவாள், அழுதுவிடலாம் என்று நான் தயாராக நின்றேன்.

"நானாவது கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்திருக்கணும். தாயும் பொண்ணும் சேர்ந்து குருட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கோம்," என்றாள். "சரி, கிளம்பு. போய்ச் சொல்லுவோம்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"சொன்னா மட்டும் நம்புவாங்களா? மாமாவும் வரணும்மா. அந்தச் சோளம் என்னோடதுன்னு அவர் சொன்னாத்தான் ஆச்சு."

"அவன் வாயால சொல்லித்தான் எனக்குப் பணம் வரணுமா? ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப சூளைக்காரருக்கு ஃபோன் போட்டுடவா?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் கூப்பிட மாட்டேன். நீ வேணா போய்க் கூப்பிடு. நான் சொன்னேன்னு சொன்னே, நடக்கறதே வேற."

மாமாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டீசல் என்றால்தான் தெரியும். டிராக்டர் வைத்து வாடகைக்கு உழுகிறவர். கல்யாணம் வேண்டாம், டிராக்டர் போதும் என்று ஐம்பது வயது வரை இருந்துவிட்டவர். அவர் எண்ணுக்கு நாலு தடவை அடித்தேன், அணைத்து வைத்திருந்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் ஷெட்டுக்குப் போனேன்.

ஷெட் திறந்து கிடந்தது. நட்டநடுவில் நாய் ஒன்று நாலு குட்டிகளோடு படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து உறுமியது. ஒரு குட்டி தள்ளாடித் தள்ளாடி என் செருப்பு வரை வந்து, என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மாமாவைக் காணோம்.

"டீசலா? ஏழு மணி பஸ்ல போயிட்டானே," என்றார் பக்கத்துப் பட்டறை வெல்டர். "சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாம போனான். எனக்கென்னமோ பொண்ணு பாக்கத்தான் போறான்னு தோணுது!"

அவருக்குச் சிரிப்பு. நான் ஸ்கூட்டரை வீட்டுக்குத் திருப்பினேன். மாமா இல்லாமலே நாங்கள் பஸ் ஏறினோம்.

அம்மா மடியில் துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் என்ன என்று கேட்டேன்.

"ஆதாரம்," என்றாள்.

எட்டிப் பார்த்தேன். மேல் வயலில் முளைத்த புல், வேரும் மண்ணுமாக, ஒரு கட்டு. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மானிய அலுவலகத்தில் டோக்கன் கொடுத்தார்கள். நாற்பத்தொன்று. சுவரோரமாக நீள பெஞ்சு, அதற்கு மேல் கடமைக்குச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி. பெஞ்சின் கடைசியில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு ஆள். முழங்காலில் பழுப்பு உறை.

"மாமா!"

அவர் உறையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் தள்ளினார். அம்மா அவரைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நடுவில் நான்.

"வந்தவருக்கு இங்க என்ன வேலைன்னு கேளு," என்றாள் அம்மா என்னிடம்.

"உங்கம்மாவுக்கு என்ன வேலையோ அதே வேலைதான்னு சொல்லு," என்றார் அவர்.

நான் சொல்லவில்லை. எட்டி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த உறையைப் பிடுங்கினேன். பிரித்துப் படித்தேன். பதினாலாம் எண் வயலில் மக்காச்சோளம் விதைத்ததாகச் சொல்லி விதை மானியம் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் அங்கே ஒரு பயிரும் இல்லை. நேரில் வந்து விளக்கம் சொல்லவும்.

"மாமா, இந்த ஃபாரத்தை யாரு போட்டது?"

"நானே ஃபோன்ல போட்டேன். உன் கடைக்கு வந்தா உங்கம்மா மூஞ்சில முழிக்கணுமே. போன வருஷத்துத் தாளை வச்சுக்கிட்டு…" என்று சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் புரிந்துவிட்டது.

அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தனித்தனியாக, அச்சு அசலாக ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள்! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணு நாளா உன் கடை வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேன்," என்றார் மாமா என்னிடம், மெதுவாக. "அக்கா வந்து சொன்னாத்தான் நம்புவாங்கன்னு எனக்கும் தெரியும். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது? காலையிலேர்ந்து டோக்கன்கூட வாங்காம உக்காந்திருக்கேன், இனிமேதான் வாங்கணும்."

அம்மா காதில் விழாத மாதிரி புல்கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றைக் கூப்பிட்டபோது மணி மூன்றே கால்.

மேஜைக்குப் பின்னால் இருந்த மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை.

"நம்பர் மாறிடுச்சா? காலையிலேர்ந்து நீங்க ஏழாவது ஆளு. எல்லாருக்கும் நம்பர் மட்டும் மாறுது, பேங்க் அக்கவுன்ட் நம்பர் மட்டும் மாறவே மாட்டேங்குது. காதுல பூ சுத்தாதீங்கம்மா."

அம்மா பையிலிருந்து புல்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மண் கீபோர்டு மேல் உதிர்ந்தது.

"ஐயோ, என்னம்மா இது! ஆஃபீஸ்மா இது!"

"அவ்வளவு ஒசரத்துலேர்ந்து படம் எடுத்தீங்கல்ல? இப்பக் கிட்டத்துலயே பாருங்க. என் வயல்ல மொளைச்சது இதுதான். ஒரு வெதை போட்டிருந்தா என் கையை வெட்டுங்க."

"அப்ப பதினஞ்சுல நிக்கற சோளம் தானா மொளைச்சுதா?"

"அது என்னோடது மேடம்." மாமா வரிசையை மீறி முன்னால் வந்து நின்றார். "நான் தம்பி. நாப்பத்திரண்டு."

மேடம் அவர் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"அக்கா எடுக்காத ஓய்வுக்குப் பணம் கேக்கறாங்க. தம்பி விதைக்காத சோளத்துக்குப் பணம் கேக்கறீங்க. நல்ல குடும்பம்! ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"இவன்கிட்டயா? பேசி மூணு மாசம் ஆச்சு!" என்றாள் அம்மா.

"நானா பேசலை? மோட்டாரை எரிச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?"

"எரிச்சே, சொன்னேன்."

"எரிஞ்சதுக்கு மறுநாளே டிராக்டரை வச்சுக் கிணத்துத் தண்ணியை இறைச்சு, உன் வயலுக்கும் பைப் போட்டுத் தரேன்னு வந்தேனா இல்லியா? நீ கேட்டைச் சாத்திக்கிட்டே!"

"நீ குடுத்த தொனி அப்படி! பிச்சை போடற மாதிரி!"

"அக்காவுக்குத் தம்பி பிச்சை போடுவானா? வாயில நல்லா வருது எனக்கு!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். போச்சு, அந்த மூன்று வருடமும் போச்சு, வயலும் போச்சு என்று நினைத்தேன். மேடம் எங்களைப் பார்க்கவே இல்லை. கீபோர்டில் மண்ணைத் தட்டிவிட்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா? இதைப் பாருங்க. ஏழு வருஷத்து ரெக்கார்டுதான் இதுல இருக்கு. அக்கா பதினாலு, தம்பி பதினஞ்சு. அடுத்த வருஷம் அக்கா பதினஞ்சு, தம்பி பதினாலு. மறுபடி மாறுது, மறுபடி மாறுது. இந்த வருஷம் மட்டும் மாறலை."

"வருஷா வருஷம் மாத்திக்குவோம் மேடம்," என்றேன். "சண்டையில ஃபாரத்துல மாத்த மறந்துட்டோம்."

"தெரியுது, தெரியுது. பேசி வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல வர்றவங்க இப்படி மேஜை முன்னாடி நின்னு அடிச்சுக்க மாட்டாங்க." முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். "ஒருத்தர் மட்டும் வந்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். திருத்தம் போட்டாச்சு. பத்து நாள்ல ரெண்டு பேருக்கும் பணம் ஏறிடும்."

முத்திரை விழுந்த சத்தம் என் வயிற்றில் பால் வார்த்தது. ஒன்று அம்மாவுக்கு, ஒன்று மாமாவுக்கு. அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆனா ஒண்ணு," என்றார் மேடம்.

கிளம்பப் போன மூவரும் நின்றுவிட்டோம்.

"இனிமே கம்ப்யூட்டர் இந்த மாதிரி மாத்தவே விடாது. ஒரு வயலுக்கு ஒரு பேருதான், நிரந்தரமா. இந்தப் படிவத்துல ரெண்டே கட்டம். பதினாலு யாருக்கு, பதினஞ்சு யாருக்கு. பதினஞ்சாம் தேதிக்குள்ள வரணும், இல்லாட்டி ரெண்டு வயலுக்கும் அடுத்த பருவம் மானியம் கிடையாது. கையெழுத்தை மட்டும் இப்பவே என் முன்னாடி போட்டுடுங்க. உங்களை மறுபடி ஒண்ணா சேர்த்துக் கூட்டிட்டு வர இந்தப் பொண்ணால ஆகாது."

கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட என் கடையில் நான் யாரையும் விட மாட்டேன். ஆனால் அப்போது யாருக்கு வாய் வந்தது? இருவரும் போட்டார்கள். படிவம் என் கைப்பைக்குள் போயிற்று. மேடம் புல்கட்டைக் குப்பைக்கூடையில் போடப்போனார். அம்மா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அம்மா முதலில் செய்தது, சூளைக்காரருக்கு ஃபோன்.

"அண்ணே, நம்ம பேச்சை விட்டுடுங்க. மண்ணு குடுக்கறதா இல்ல. ஆமா, முடிவாத்தான் சொல்றேன். நல்லா இருங்க."

மாமா அப்படியே நின்றுவிட்டார். "சூளைக்கா? மேல் மண்ணையா குடுக்க இருந்தே?"

"வேற என்ன பண்ணச் சொல்றே?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா."

"நீதான் பேசலியேடா."

அவர் திரும்பி நின்றுகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையின் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையை அழுக்காக்காதே. மூணு டீ சொல்லு. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. பன்னும் சொல்லு," என்றாள்.

அந்த டீயில் சர்க்கரை அதிகம், பன் நேற்றையது. அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. இருவரும் மோட்டாரைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை எந்தக் கம்பெனி மோட்டார் வாங்குவது என்று சண்டை. நான் குறுக்கே போகவில்லை. நடக்கட்டும் என்று காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா காசு கொடுக்கப் போனபோது அம்மா என் காதருகே குனிந்தாள்.

"பதினஞ்சை உங்க மாமா பேருக்கு எழுதிடு. ஒண்டிக்கட்டை, கடைசி காலத்துல அவனுக்கு ஒரு கிணறாவது இருக்கட்டும். அவன்கிட்ட மூச்சு விடாதே."

பஸ் வந்தது. அம்மா முன்னால் ஏறினாள். படியில் கால் வைத்த என்னை மாமா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏய், கீழ் வயலை உங்கம்மா பேருக்கு எழுதிடு. சொன்னேன்னு தெரிஞ்சுது, தோலை உரிச்சிடுவேன்."

"உங்களுக்கு மாமா?"

"எனக்கென்ன? டிராக்டர் இருக்கு. பொழைச்சுக்குவேன்."

மூன்று மாதம் பேசாமல் இருந்தவர்கள், பேச ஆரம்பித்த முதல் நாளே ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என்னிடம் ரகசியம் சொல்லிவிட்டார்கள்.

கடையைத் திறந்து படிவத்தை மேஜைமேல் விரித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு கட்டம், கீழே இரண்டு கையெழுத்து. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பதினைந்துக்கு நேரே அம்மா பெயரை எழுதத்தான் என் கை துடித்தது. மாமாவே சொல்லிவிட்டாரே. அவருக்குத்தான் டிராக்டர் இருக்கிறதே.

பேனாவைத் திறந்தேன். முதல் எழுத்தை எழுதப் போகும்போது, காலையில் என் செருப்பருகே வந்து உட்கார்ந்த குட்டி ஞாபகம் வந்தது. அது என்னை அண்ணாந்து பார்த்தது. கண் திறந்திருந்தது. நாய்க்குட்டி கண் திறக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும்.

நாய் படுத்திருந்தது, டிராக்டர் நிற்கிற இடத்தில். அப்படியானால் டிராக்டர் அவர் கையைவிட்டுப் போய் அத்தனை நாளாவது ஆகியிருக்கும்.

பேனாவை மூடி வைத்தேன்.